“பிள்ளைக்கு எழுதத் தெரியுமா?” – நான் கேட்ட பிழையான கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. அடுத்த வருஷம் தரம் 1க்கு பிள்ளை அனுப்ப இருக்கிற உம்மாமார், வாப்பாமார், எங்கட எத்தாளையிலும் பக்கத்து ஊர்களிலும் முன்பள்ளி நடத்துகிற டீச்சர்மார் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோஷம். ஒரு விஷயம் சொல்லவும் வேண்டும், ஒரு மன்னிப்புக் கேட்கவும் வேண்டும்.

போன வருஷம் என்ட வகுப்புக்கு ஒரு மகன் வந்தான். பெயர் வேண்டாம். முதல் கிழமை மற்றப் பிள்ளைகள் உம்மாவின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு அழுதபோது இவன் அழவில்லை. பாட்டுக்குக் கை தட்டினான், மைதானத்தில் ஓடினான். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை எல்லாருக்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, விரும்பினதைக் கீறச் சொன்னேன். அவன் இரண்டு கையையும் துடைக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டு இருந்தான். பக்கத்தில் போய்க் குனிந்து, “என்ன மகன், கீறல்லையா?” என்று கேட்டேன். “கை நோகுது டீச்சர்” என்றான். இன்னும் பென்சிலைத் தொடவே இல்லை. அதற்குள் கை நோகிறது.

அடுத்த நாள் அவனுடைய உம்மாவைக் கூப்பிட்டேன். அவ ஒரு பேக் நிறையக் கொப்பிகளோடு வந்தா. நேசரியில் இரண்டு வருஷம் எழுதின கொப்பிகள். ஒரு பக்கம் முழுக்க ‘அ’. அடுத்த பக்கம் முழுக்க ‘ஆ’. ஒன்றிலிருந்து நூறு வரை, திரும்பவும் ஒன்றிலிருந்து நூறு வரை. இங்கிலிஷ் எழுத்துகள் பெரிசும் சிறிசும். ஓரத்தில் சிவப்புப் பேனையால் சரி அடையாளம், நட்சத்திரம். சில பக்கங்களில் பென்சிலை அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்திருந்தது. அழிறப்பரால் தேய்த்த இடம் கறுத்துப் போயிருந்தது.

“பாருங்க டீச்சர், எல்லாம் எழுதினவன்தான். ரெண்டு வருஷம் காசு கட்டிப் படிப்பிச்ச புள்ள. இங்க வந்துதான் ஒண்டும் எழுதுறான் இல்ல” என்றா. குரலில் என்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. நியாயம்தான்.

நான் அவனை மேசைக்குக் கூப்பிட்டு, ஒரு தட்டில் புளியங்கொட்டை வைத்து, “மகன், டீச்சருக்கு அஞ்சு கொட்டை தாங்க” என்றேன். ஒரு பிடி அள்ளித் தந்தான். “எண்ணித் தாங்க” என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டுப் போல ஆரம்பித்து, விரல் கொட்டைகளுக்கு மேலே சும்மா ஓட, இருபத்தேழு வரை போய்விட்டான். தட்டில் இருந்தது ஒன்பது கொட்டை. நூறு வரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்து என்றால் என்ன என்று தெரியாது. அவனுடைய உம்மா ஒன்றும் பேசவில்லை. கொப்பிகளைத் திரும்ப பேக்குக்குள் வைத்தா.

எனக்குச் சரியான கோபம் வந்தது. அந்த முன்பள்ளி டீச்சரை எனக்கு நன்றாகத் தெரியும், என்னைவிட மூத்தவ, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அன்று பின்னேரமே வீட்டுக்குப் போனேன். “என்ன ராத்தா, மூணு வயசுப் புள்ளைக்கு இவ்வளவு எழுத்து வேலையா?” என்று கேட்டேன்.

அவ பிளேன்டீ ஊத்தித் தந்துவிட்டுச் சொன்னா: “டீச்சர், கோபப்படாம கேளுங்க. எனக்கும் இது புடிச்சுச் செய்யிறது இல்ல. புள்ள பதியிற நாளைக்கு ஒவ்வொரு உம்மாக்கிட்டயும் நீங்கதானே கேட்டீங்க, எழுதத் தெரியுமா எண்டு? ‘தெரியாது’ எண்டு சொன்ன உம்மாமார் அங்கயிருந்து நேரா எங்கட வாசலுக்குத்தான் வந்தாங்க. அடுத்த வருஷம் எழுத்துப் படிப்பிக்கிற நேசரிக்கு மாத்துறோம் எண்டாங்க. இருபது புள்ள கட்டுற காசுலதான் என்ட சம்பளம்.”

பிளேன்டீ ஆறும் வரைக்கும் என்னால் வாய் திறக்க ஏலாமல் போய்விட்டது. ஓம், நான்தான் கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். குறை நினைத்தல்ல, பேச்சுக்கு ஒரு கேள்வி. “மகளுக்கு எழுதத் தெரியுமா? மாஷா அல்லாஹ்.” அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி சின்னக் கைகளில் இரண்டு வருஷம் பென்சிலாகப் போய் இறங்கும் என்று நான் யோசிக்கவில்லை.

இதில் வெட்கமான விஷயம், எனக்கு இது தெரியாமல் இல்லை. கல்வியியற் கல்லூரியில் இதைத்தான் படித்தேன். எங்கட நாட்டில் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1999ல் நாடு முழுக்க வந்தபோது தரம் 1, 2 இரண்டையும் முதலாம் முதன்மை நிலை என்று வைத்து, வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று வழியாகக் கற்பிக்கச் சொன்னார்கள். அந்த வயதில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் கூடுதல் இடம். பிள்ளை வந்த முதல் கிழமைகளில் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை, அதற்கு ஏற்கனவே என்னென்ன இயலும் என்று விளையாட்டு மூலமாகப் பார்த்து அறிவது. அது பரீட்சை இல்லை. எழுதத் தெரியாமல் வரும் பிள்ளைக்காகத்தான் தரம் 1 இருக்கிறது. சட்டப்படியும் கட்டாயக் கல்வி 5 வயதில்தான் தொடங்குகிறது, முன்பள்ளி அதற்குள் வராது.

அப்படியென்றால் முன்பள்ளியில் பிள்ளை என்ன படிக்க வேண்டும்? “சும்மா விளையாட விடவா காசு கட்டுறோம்?” என்று கேட்கிற உம்மாமாருக்காக ஒவ்வொரு பாடமாகச் சொல்கிறேன்.

*மொழி*

எழுதுவதற்கு முன் வாசிப்பு. வாசிப்புக்கு முன் பேச்சு. பேச்சுக்கும் முன் கேட்பது. இதற்கு ஆதாரம் எங்கட வீட்டிலேயே இருக்கிறது. நாலு வயதில் ஃபாத்திஹா சூராவை ஏழு ஆயத்தும் பிழையில்லாமல் ஓதுகிற பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் ஒரு பிள்ளையாவது அதை எழுதிப் படித்ததா? உம்மும்மா படுக்கையில் வைத்து ஓத ஓத, காதால் வாங்கிய பாடம் அது.

மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு மொழிப் பாடம் என்றால் கதை கேட்பது, கேட்ட கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது, பாட்டு, “ஏன்” என்று கேட்பது, தனக்கு வேண்டியதை அழாமல் வசனமாகச் சொல்வது, ‘பல்’லும் ‘பள்’ளும் வேறு சத்தம் என்று காது பிடிப்பது. காது பிடிக்காத வித்தியாசத்தைக் கை எழுதாது. தரம் 3இலும் ‘ல’, ‘ள’ மாற்றி எழுதுகிற பிள்ளைகளிடம் நான் அதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. எங்கட பிள்ளைகளுக்கு மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு சுமை இருக்கிறது. காலையில் நேசரியில் தமிழும் இங்கிலிஷும், பின்னேரம் மத்ரஸாவில் அலிஃப், பா, தா. நாலு வயதில் மூன்று எழுத்து முறை. இரண்டு இடமிருந்து வலம், ஒன்று வலமிருந்து இடம். பிறகு பாடசாலையில் சிங்களமும் வரும். நாலு மொழியும் காதால் வந்தால் பிள்ளை சுகமாக வாங்கிக்கொள்ளும். நாலையும் ஒரே நேரத்தில் கொப்பியில் ஏற்றினால் குழம்பும்.

*கணிதம்*

கணிதம் இலக்கம் எழுதுவதில் தொடங்கவில்லை. வீட்டில் ஐந்து பேர், ஐந்து பீங்கான் எடுத்து வை என்று சொன்னால், ஒரு ஆளுக்கு ஒரு பீங்கான் என்று வைக்கிற பிள்ளை கணிதம் செய்கிறது. வெங்காயம் தெரிவு செய்கிற இடத்தில் பெரிசு, நடுத்தரம், பொடி என்று மூன்றாகப் பிரிக்கிற பிள்ளை கணிதம் செய்கிறது. எங்கட ஊரில் பிள்ளைகள் தோட்டத்துக்குப் போனால் இதைச் சும்மா செய்வார்கள். நாங்கள்தான் “கையில மண் படும், போய்ப் படி” என்று துரத்துகிறோம்.

வீட்டில் செய்து பாருங்கள். ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாக நெருக்கி வையுங்கள். அதற்கு நேரே இன்னும் ஆறு கொட்டையை இடம் விட்டு நீளமாக வையுங்கள். எதில் கூட என்று நாலு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். பெரும்பாலும் நீளமான வரிசையைத்தான் காட்டும். பிள்ளை மக்கு இல்லை. சுவிட்சர்லாந்து நாட்டு பியாஜே என்ற அறிஞர் இதைப் பிள்ளைகளிடம் செய்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்த வயதுக் கண் அப்படித்தான் பார்க்கும். பல தடவை எடுத்து, வைத்து, பிரித்து, கூட்டி விளையாடினால்தான் இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பது தானாக விளங்கும். அது விளங்காத பிள்ளைக்கு நூறு வரை எழுதுவது படம் கீறுவது போலத்தான்.

*சுற்றாடல்*

ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். நடுவில் மணலும் தோட்டமும் தென்னையும். இப்படி ஒரு வகுப்பறை கொழும்பில் எந்தப் பாடசாலைக்கும் கிடைக்காது. ஆனால் எங்கட பிள்ளைகள் கொப்பியில் அப்பிளுக்குச் சிவப்பு நிறம் தீட்டுகிறார்கள். ஒரு தடவை வகுப்பில், “கொச்சிக்காய் எந்த நிறம்?” என்று கேட்டேன். “முதல்ல பச்சை, பழுத்தா சிவப்பு, காஞ்சா கறுத்த சிவப்பு” என்று ஒரு மகள் சொன்னா. அவட வாப்பா தோட்டம் செய்கிறவர். அந்த ஒரு பதிலில் நிறமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது, ஒரு பொருள் எப்படி மாறுகிறது என்ற விஞ்ஞானமும் இருக்கிறது.

வாடைக் காற்று எந்தப் பக்கம் இருந்து வரும், சோளகக் காற்று வந்தால் வாப்பா ஏன் வள்ளத்தை இழுத்து வைக்கிறார், மாம்புரிப் பக்கம் காற்றாடி ஏன் சில நாள் நிற்கிறது, ரோட்டில் நிற்கிற கழுதை என்ன சாப்பிடுகிறது, கண்டல் மரத்துக்கு வேர் ஏன் வெளியே நிற்கிறது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. “வா, போய்ப் பாப்போம்” என்றால் போதும்.

*மார்க்கம்*

இதைச் சொல்லும்போது கவனமாகச் சொல்கிறேன், ஆலிம்கள் பிழை இருந்தால் திருத்துங்கள். பிள்ளைக்குத் தொழுகையை ஏவச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் சொன்ன வயது ஏழு. தொழுகைக்கே ஏழு வயது வரை பொறுக்கச் சொன்ன மார்க்கத்தில், ‘ஞ’ எழுதவில்லை என்று நாலு வயதுப் பிள்ளைக்கு நாங்கள் அடிக்கிறோம்.

அனஸ் (ரழி) அவர்களுடைய சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு குருவி வளர்த்த சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அந்தக் குருவிக்கு என்ன ஆனது என்று நபியவர்கள் அந்தச் சின்னப் பிள்ளையிடம் விசாரித்தார்கள். எவ்வளவு வேலை உள்ள மனிதர்! ஒரு பிள்ளையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. அந்த வயதில் மார்க்கப் பாடம் என்றால் ஸலாம் சொல்வது, பிஸ்மில் சொல்லி வலது கையால் சாப்பிடுவது, பொய் சொன்னால் மனம் உறுத்துவது, பூனைக்குக் கல்லெறியாமல் இருப்பது. இதில் ஒன்றையும் கொப்பியில் எழுதிப் படிப்பிக்க ஏலாது. பார்த்துத்தான் படிக்கும். அப்படியென்றால் எங்களைத்தான் பார்க்கும்.

*கையும் உடம்பும்*

உம்மாமார் இதை மட்டுமாவது வாசியுங்கள். எங்கட மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிள்ளை பிறக்கும்போது அவை எலும்பு இல்லை, மெதுவான குருத்தெலும்பு. வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக மாறும். எட்டும் மாறி முடியப் பிள்ளைக்குப் பத்து வயதுக்கு மேலும் ஆகலாம். நாலு வயதுப் பிள்ளை “கை நோகுது” என்று சொன்னால் அது சாட்டு இல்லை. உண்மையாக நோகிறது.

தமிழ் எழுத்தையும் பாருங்கள். ‘ட’ என்றால் இரண்டு கோடு, ‘ப’ என்றால் மூன்று கோடு. ஆனால் நாங்கள் முதலாவதாகக் கொடுப்பது ‘அ’, ‘ஆ’, ‘இ’. எல்லாம் சுழியும் வளைவும். பெரிய ஆளுக்கு எழுதிப் பழகின கை, அதனால் கஷ்டம் தெரியாது.

அந்தக் கை தயாராவதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. மா குழைப்பது, ரொட்டி மாவை உருட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது, துணி பிழிவது, மணலில் விரலால் கீறுவது, ஓலை பின்னுவது, வெங்காயத் தோல் உரிப்பது. அத்தனையும் எழுத்துப் பயிற்சிதான். ஓடுவது, ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பதும் வேண்டும். கதிரையில் நேராக இருக்க முதுகுக்குப் பலம் வேண்டாமா?

*மற்றவர்களோடு இருப்பது*

பாடப் புத்தகத்தில் இதற்குத் தனிப் பெயர் இல்லை, ஆனால் தரம் 1இல் எனக்கு முதல் தேவைப்படுகிற பாடம் இதுதான். தன் முறை வரும் வரைக்கும் காத்திருப்பது, சாப்பாட்டில் ஒரு துண்டு பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது, தோற்றாலும் விளையாட்டில் நிற்பது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று வெட்கப்படாமல் கேட்பது. இது தெரிந்து வருகிற பிள்ளைக்கு எழுத்துப் படிப்பிக்க எனக்குச் சில மாதம் போதும். இது தெரியாமல் எழுத்து மட்டும் தெரிந்து வந்தால் அந்த வருஷம் முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

இதெல்லாம் புதிசாக வந்த வெள்ளைக்காரர் கதை என்று சிலர் சொல்வார்கள். இல்லை. நான் இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து கடலால் வந்த குடும்பங்கள் கற்பிட்டிக் கரையில்தான் இறங்கினார்கள். இந்தக் கரை முழுக்க அகதி முகாம்கள் எழும்பின. அப்போது நான் கைக்குழந்தை. எனக்கு நாலு வயதாகும்போது முகாமுக்குப் பக்கத்தில் கிடுகால் வேய்ந்த கொட்டிலில் ஒரு பாலர் பாடசாலை நடந்தது. ஊர்ப் பிள்ளைகளும் முகாம்ப் பிள்ளைகளும் சேர்ந்தே போனோம். படிப்பித்தவ வடக்கிலிருந்து வந்த ஒரு அக்கா. கதிரை இல்லை, மேசை இல்லை, கொப்பி இல்லை. நிலத்தில் களப்பு மணல் கொட்டிப் பரப்பி இருந்தது.

அவ மணலில் விரலால் கீறச் சொல்வா. பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு, பிழை போய்விடும். சிவப்புப் பேனை இல்லை, கறுத்துப்போன அழிறப்பர் அடையாளமும் இல்லை. மட்டிச் சிப்பி பொறுக்கி எண்ணினோம். “உங்கட வீட்டில் எத்தனை பேர்? அத்தனை சிப்பி எடுத்து வையுங்க” என்பா. முகாமில் இருந்து வந்த ஒரு பிள்ளை தன் வீட்டில் இருக்கிற ஆட்களுக்கும் வைத்து, அங்கே விட்டு வந்த ஆட்டுக்கும் ஒரு சிப்பி வைத்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம். அக்கா அதை எடுக்கச் சொல்லவில்லை. “சரி, அதையும் சேத்து எண்ணுங்க” என்றா.

அந்த அக்காவுக்குப் பயிற்சி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இல்லாமையால்தான் அப்படிச் செய்தா என்று நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கல்லூரியில் புத்தகத்தைத் திறந்தால் அவ செய்தது எல்லாம் அதில் இருந்தது.

ஜேர்மனியில் புரோபல் என்பவர் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்காக ஓரிடம் தொடங்கி, பிறகு அதற்குக் கின்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தார். பிள்ளைகள் தோட்டம் என்று அர்த்தம். பந்து, மரக்கட்டை, களிமண், பாட்டு இதுதான் அங்கே பாடம். இத்தாலியில் மரியா மொண்டிசோரி என்ற டொக்டர் 1907இல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது என்று கை வேலையிலிருந்துதான் அங்கே தொடங்கியது. எழுத்துகளை அரத்தாளில் வெட்டி, விரலால் தடவிப் பழகவிட்டார். அங்கே நாலு ஐந்து வயதில் சில பிள்ளைகள் எழுதவும் செய்தார்கள், ஆனால் கை தயாரான பிறகு, தாங்களாகவே. அந்த அம்மா 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, 1944இல் எங்கட நாட்டுக்கும் வந்து போனவர். இன்றைக்கும் எங்கட ஆட்கள் நேசரி எல்லாவற்றையும் “மொண்டிசூரி” என்றுதான் சொல்கிறோம். பெயர் அவருடையது, கொப்பி எங்களுடையது. பின்லாந்தில் பிள்ளைகள் பாடசாலையில் முதலாம் வகுப்புக்குப் போவதே ஏழு வயதில்தான்.

ஆனால் உம்மாமாரைக் குறை சொல்லி முடிக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த மகனுடைய உம்மாவோடு பிறகு நிறையக் கதைத்தேன். மாப்பிள்ளை கட்டாரில். அவ எட்டாம் ஆண்டோடு நின்றவ. “எனக்குப் படிப்பு ஏறல்ல டீச்சர். என்ட புள்ள பின்னுக்கு நிக்கக் கூடாது. அவர் போன்ல கேட்டா கொப்பியத்தானே காட்ட ஏலும்?” என்றா. தூரத்தில் உழைக்கிற வாப்பாவுக்குப் பிள்ளை படிக்கிறது என்பதற்கு அத்தாட்சி அந்தக் கொப்பிதான். தரம் 5 புலமைப்பரிசில் என்ற பயம் தொட்டில் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் எழுத்துப் படிப்பிக்காத நேசரி டீச்சருக்குப் பிள்ளை சேராது, பிள்ளை சேராவிட்டால் சம்பளம் இல்லை. இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பயந்துதான் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கிறோம். அதன் ஒரு நுனி என்ட கையில் இருந்தது. அதை நான்தான் முதலில் விட வேண்டும்.

அதனால் இந்த வருஷம் பதிவு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பதிலாக இவற்றைக் கேட்டேன்: மகள் தானாகச் சாப்பிடுவாவா? செருப்பைத் தானாகப் போடுவாவா? கதை கேட்க விருப்பமா? என்ன கதை? எந்த விளையாட்டுப் பிடிக்கும்? யாரோடு விளையாடுவா? எதற்குப் பயம்? சில உம்மாமார் திகைத்துப் போனார்கள். ஒருவர் கொண்டு வந்த கொப்பியை என் முன்னால் நீட்டினா. “பிறகு பாக்குறேன் தங்கச்சி, முதல்ல புள்ளையப் பத்திச் சொல்லுங்க” என்றேன். அந்த ராத்தாவிடமும் போய்ச் சொன்னேன்: யாராவது கேட்டால், தரம் 1 டீச்சர் எழுத்துக் கேட்கவில்லை என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள் என்று. “எழுதித் தாங்க டீச்சர், சுவர்ல ஒட்டுறேன்” என்று சிரித்தா. எழுதிக் கொடுத்தேன். ஒட்டியும் இருக்கிறா.

அந்த மகன்? உடனே எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முதலாம் தவணை முழுக்க அவனுக்கு நான் பென்சில் கொடுக்கவில்லை. மணல் தட்டு, களிமண், புளியங்கொட்டை. ஐந்து கொட்டை எண்ணித் தர நாலு கிழமை போனது. மூன்றாம் தவணையில் வகுப்பில் கடை விளையாட்டு வைத்தோம். அவன் மரக்கறிக் கடை முதலாளி. வந்த பிள்ளைகள் எல்லாரும் “வெங்காயம் என்ன விலை? கத்தரிக்காய் என்ன விலை?” என்று திரும்பத் திரும்பக் கேட்க, அவனுக்கு அலுத்துப் போய்விட்டது. என்னிடம் வந்து, “டீச்சர், ஒரு மட்டை தாங்க, விலை எழுதி வைக்கணும்” என்றான். கிரேயோனால் 50 என்று எழுதினான். 5 கொஞ்சம் திரும்பித்தான் இருந்தது. நான் திருத்தவில்லை.

இன்றைக்கும் அவனுடைய கையெழுத்து அழகில்லை. பென்சிலை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கிறான். ஆனால் கையைத் துடைக்குக் கீழே வைப்பதில்லை.

போன கிழமை அவனுடைய உம்மா சந்தையில் என்னைக் கண்டு, “டீச்சர், சின்னவளுக்கு மூணு வயசாகுது. எந்த நேசரிக்குப் போடுற?” என்று கேட்டா. நான் சொன்னேன்: “பத்து மணி போலப் போய் வாசல்ல நின்டு கேளுங்க தங்கச்சி. புள்ளைகள்ட சத்தம் கேட்டா அங்க போடுங்க.”

உம்மாமாரே, வாப்பாமாரே, பிள்ளை நேசரியிலிருந்து வந்ததும் “இண்டைக்கு என்ன எழுதின?” என்று கேட்காதீர்கள். “இண்டைக்கு யாரோட விளையாடின? என்ன கதை கேட்ட?” என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற வாப்பாமார், போனில் கொப்பியைக் காட்டச் சொல்லாமல், பிள்ளையை ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தானாகவே எழுத விரும்புகிற பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம், விரும்பாத பிள்ளையை இழுக்கவும் வேண்டாம். வெங்காயம் வைத்தவர் இரண்டு மாதத்துக்கு மேல் பொறுக்கிறார். வேர் விட்டதா என்று இரண்டாம் நாள் கிளப்பிப் பார்ப்பதில்லை.

இத்தனை வருஷமாக என் கேள்வியால் மனம் சுருங்கிய உம்மாமாரிடமும், என்னால் அழுத்தத்துக்கு ஆளான முன்பள்ளி டீச்சர்மாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். கை நோக எழுதின பிள்ளைகளிடமும்தான். அவர்களுக்கு இதை வாசிக்க இன்னும் வயதில்லை, அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

அல்லாஹ் எங்கட பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் எங்களுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

மற்ற ஊர் டீச்சர்மார் உங்கட அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். தரம் 1க்குப் பிள்ளை அனுப்புகிற யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் இதை அனுப்பி வையுங்கள்.